இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையத்தில் அரசுப் பேராளர் நியமனம்

இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையத்தில் அரசுப் பேராளர் நியமனம் என்பது, இந்தியப் பெருங்கடலின் சூரை மீன் வளத்தை மேலாண்மை செய்யும் பன்னாட்டு ஆணையத்தின் கூட்டங்களில் தன் சார்பில் பேசவும் வாக்களிக்கவும் ஒவ்வொரு உறுப்பு நாட்டின் அரசும் ஒருவரைத் தெரிவு செய்து, அவருக்கு எழுத்து வடிவில் அதிகாரம் வழங்கும் நடைமுறையைக் குறிக்கின்றது. இந்தியா, இலங்கை ஆகிய இரு நாடுகளும் இவ்வாணையத்தின் உறுப்பினர்கள் ஆகும்.

ஆணையத்தை நிறுவிய ஒப்பந்தம், ஒரு நாட்டின் சார்பில் எத்தனை பேர் வாக்களிக்கலாம் என்பதை வரையறுக்கின்றது. ஆனால் அவர் யாராக இருத்தல் வேண்டும், எத்தகைய தகுதி உடையவராக இருத்தல் வேண்டும், எவ்வளவு காலம் அப்பொறுப்பில் இருக்கலாம் என்பவற்றைப் பற்றி அது எதுவும் கூறவில்லை. இவை முற்றிலும் அந்தந்த அரசின் விருப்புரிமைக்கு விடப்பட்டுள்ளன. ஆகவே ஒரே மேசையைச் சுற்றி அமரும் பேராளர்கள் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு முறைகளில் தெரிவு செய்யப்பட்டவர்களாக உள்ளனர்.

ஆணையம் பற்றிய சுருக்கம்

சூரை மீன்கள் ஒரு நாட்டின் கடல் எல்லைக்குள் தங்கி வாழ்பவை அல்ல. அவை பல்லாயிரம் கிலோமீட்டர் வலசை செல்கின்றன. இத்தகைய மீன்களைப் பிடிக்கும் நாடுகள் தமக்குள் ஒத்துழைக்க வேண்டும் என்று 1982 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடல் சட்ட உடன்படிக்கையின் 64 ஆவது உறுப்புரை கூறுகின்றது. இந்த ஒத்துழைப்புக்காக உருவாக்கப்பட்ட வட்டார அமைப்புகளுள் ஒன்றே இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் ஆகும்.

இதனை நிறுவும் ஒப்பந்தத்தை ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் மன்றம் 1993 நவம்பரில் ஏற்றுக்கொண்டது. பத்தாவது நாடு ஏற்பு ஆவணத்தை அளித்ததைத் தொடர்ந்து 1996 மார்ச் 27 அன்று ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 1994 இலும் இந்தியா 1995 இலும் இதனை ஏற்றன. ஆணையத்தின் செயலகம் சீசெல்ஸ் நாட்டின் தலைநகரான விக்டோரியாவில் அமைந்துள்ளது. உறுப்பினர் எண்ணிக்கை ஏறத்தாழ 30 ஆகும்.

ஆணையத்தின் பொறுப்பில் 16 மீன் இனங்கள் உள்ளன. மஞ்சள் துடுப்புச் சூரை, வரிச் சூரை, பெருங்கண் சூரை போன்ற ஆழ்கடல் இனங்களோடு, வாள்மீன், மயில் மீன் ஆகியவையும் இப்பட்டியலில் அடங்கும். தமிழ்நாட்டில் வஞ்சிரம் அல்லது நெய்மீன் என்றும் இலங்கையில் அறக்குளா என்றும் அழைக்கப்படும் மீனும் இப்பட்டியலில் உள்ளது. ஆகவே ஆணையத்தின் முடிவுகள் பெரும் கப்பல்களை மட்டுமன்றிக் கரையோரச் சிறு படகுகளையும் தொடக் கூடியவை.

ஒப்பந்தத்தின் விதிகள்

ஒரு நாடு, ஒரு பேராளர், ஒரு வாக்கு

ஒப்பந்தத்தின் ஆறாவது உறுப்புரையின்படி, ஒவ்வொரு உறுப்பினரும் ஆணையத்தின் அமர்வில் ஒரே ஒரு பேராளரால் பிரதிநிதித்துவம் செய்யப்படுவார். அவருடன் பின்வருவோர் வரலாம்:

மாற்றுப் பேராளர்: பேராளர் இல்லாத நேரத்தில் அவரது இடத்தில் அமர்பவர். உரிய முறையில் அதிகாரம் அளிக்கப்பட்டிருந்தால் மட்டுமே இவர் வாக்களிக்கலாம்.

வல்லுநர்: மீன்வள அறிவியல், புள்ளியியல், சட்டம் முதலிய துறைகளில் பேராளருக்கு உதவுபவர். விவாதத்தில் பங்கேற்கலாம், வாக்களிக்க இயலாது.

ஆலோசகர்: மீன்பிடித் தொழில்துறையினர், பிற அமைச்சகங்களின் அதிகாரிகள், தன்னார்வ அமைப்பினர் முதலியோர் பொதுவாக இத்தகுதியில் இடம்பெறுவர். இவர்களுக்கும் வாக்கு இல்லை.

குழுவில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கு ஒப்பந்தத்தில் உச்ச வரம்பு இல்லை. பெரும் கப்பற்படையும் பணவசதியும் உடைய உறுப்பினர் பல வல்லுநர்களுடன் வரலாம். வறிய நாடு ஒன்று ஒருவரை மட்டும் அனுப்பலாம். இருவருக்கும் வாக்கு ஒன்றே. ஆயினும், ஒரே நேரத்தில் பல சிறு குழுக்களில் வரைவுகள் விவாதிக்கப்படும்போது ஆள் பலம் உள்ள குழுவே எல்லா இடங்களிலும் இருக்க முடிகின்றது. இவ்வேறுபாட்டைக் குறைக்கும் பொருட்டு, வளர்ந்துவரும் நாடுகளின் பேராளர்களது பயணச் செலவுக்கென 2010 ஆம் ஆண்டின் தீர்மானம் ஒன்றின் மூலம் பங்கேற்பு நிதி ஒன்று ஏற்படுத்தப்பட்டது.

வாக்குரிமை இழப்பு

முறையாக நியமிக்கப்பட்ட பேராளர் இருந்தும் ஒரு நாடு வாக்களிக்க முடியாமற் போகலாம். ஆணையத்துக்குச் செலுத்த வேண்டிய பங்குத் தொகையில் ஒரு நாட்டின் நிலுவை, முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குரிய தொகைக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ இருந்தால் அந்நாடு வாக்குரிமையை இழக்கும். நிலுவைக்கான காரணம் அந்நாட்டின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது என ஆணையம் கருதினால் விலக்கு அளிக்கலாம்.

அதிகாரச் சான்றுக் கடிதம்

ஒருவர் தம் நாட்டின் பேராளர் என்பதை வாய்மொழியால் நிறுவ இயலாது. அவரது அரசு வழங்கும் அதிகாரச் சான்றுக் கடிதம் அமர்வுக்கு முன்னர் ஆணையத்தின் செயலகத்துக்கு அனுப்பப்பட வேண்டும். பேராளர், மாற்றுப் பேராளர், வல்லுநர், ஆலோசகர் ஆகியோரின் பெயர்கள் அதில் குறிப்பிடப்படும். அரசின் தலைமையோ, வெளியுறவு அமைச்சரோ, துறைக்குப் பொறுப்பான அமைச்சரோ அல்லது அவர்கள் சார்பில் அதிகாரம் பெற்றவரோ இதில் கையொப்பமிடுவது பன்னாட்டு வழக்கம்.

இக்கடிதத்தை ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிடுவதற்கான முழு அதிகார ஆவணத்துடன் குழப்பிக்கொள்ளலாகாது. அதிகாரச் சான்று குறிப்பிட்ட ஒரு கூட்டத்தில் பேசவும் வாக்களிக்கவும் உரிமை தருகின்றது. முழு அதிகார ஆவணம் ஒரு நாட்டைப் புதிய உடன்படிக்கையொன்றில் பிணைப்பதற்குரியது.

பேராளர் பதவிக்கு நிலையான பதவிக்காலம் இல்லை. சான்று அந்த அமர்வுக்கு உரியது. அடுத்த ஆண்டில் அதே நபரே வரலாம்; வேறொருவரும் வரலாம்.

இந்தியாவில் நியமன முறை

அரசியலமைப்பு அடிப்படை

இந்திய அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மீன்வளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டுள்ளது. மாநிலப் பட்டியலின் 21 ஆவது இனம் மீன்வளத்தை மாநிலங்களுக்கு அளிக்கின்றது. ஒன்றியப் பட்டியலின் 57 ஆவது இனம், ஆட்புலக் கடலுக்கு அப்பாற்பட்ட மீன்பிடிப்பை ஒன்றிய அரசுக்கு அளிக்கின்றது. கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டர், இவ்விரண்டுக்கும் இடையிலான எல்லையாகும்.

பன்னாட்டு மாநாடுகளிலும் அமைப்புகளிலும் பங்கேற்பதும் அங்கு எடுக்கப்படும் முடிவுகளைச் செயற்படுத்துவதும் ஒன்றியப் பட்டியலின் 13 ஆவது இனத்தின்படி ஒன்றிய அரசுக்கே உரியவை. மேலும், அத்தகைய முடிவு ஒன்றைச் செயற்படுத்துவதற்காக மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் குறித்தும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்று 253 ஆவது உறுப்புரை கூறுகின்றது. எனவே ஒரு பேராளர் வெளிநாட்டு அரங்கில் இசைவளிக்கும் முடிவு, உள்நாட்டில் மாநிலங்களின் அதிகார எல்லைக்குள்ளும் சட்டமாக நுழையக் கூடும்.

இவ்வளவு விளைவுகள் இருந்தும், பேராளரை நியமிப்பது தனிச் சட்டம் எதனாலும் ஒழுங்குபடுத்தப்படவில்லை. அது அரசின் நிர்வாக அதிகாரத்தின் கீழ் செய்யப்படும் செயலாகும். நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை. மாநில அரசுகளைக் கலந்தாலோசிக்கும் சட்டக் கடமையும் இல்லை.

பொறுப்புத் துறை

எந்தப் பன்னாட்டு அமைப்பை எந்த அமைச்சகம் கையாளும் என்பது, 77 ஆவது உறுப்புரையின் கீழ் வகுக்கப்பட்ட 1961 ஆம் ஆண்டின் அலுவல் ஒதுக்கீட்டு விதிகளைச் சார்ந்துள்ளது. சூரை ஆணையம் மீன்வளத் துறையின் பொறுப்பாகும். இத்துறை 2019 வரை வேளாண்மை அமைச்சகத்தின் கீழ், கால்நடை பராமரிப்பு, பால்வளம் ஆகியவற்றுடன் இணைந்திருந்தது. 2019 ஆம் ஆண்டில் முதலில் தனித் துறையாகவும், பின்னர் புதிதாக உருவாக்கப்பட்ட மீன்வளம், கால்நடை பராமரிப்பு மற்றும் பால்வள அமைச்சகத்தின் ஓர் அங்கமாகவும் ஆனது.

கடல் தொடர்பான எல்லா ஆணையங்களும் இத்துறையிடம் இல்லை. அண்டார்க்டிக் கடல் உயிர்வளப் பாதுகாப்பு ஆணையம் புவி அறிவியல் அமைச்சகத்தாலும், பன்னாட்டுத் திமிங்கில ஆணையம் சுற்றுச்சூழல் அமைச்சகத்தாலும் கையாளப்படுகின்றன. பொறுப்பு அமைச்சகம் எதுவோ அதன் கண்ணோட்டமே பெரும்பாலும் நாட்டின் நிலைப்பாடாக வெளிப்படுகின்றது. மீன்வளத் துறை மீன்பிடித் தொழிலின் வளர்ச்சியையும், சுற்றுச்சூழல் அமைச்சகம் உயிரினப் பாதுகாப்பையும் முதன்மையாகக் கொள்வது இயல்பு.

தெரிவும் அனுமதிகளும்

ஆணையத்திடமிருந்து அமர்வுக்கான அழைப்பு வந்தவுடன் பொதுவாகப் பின்வரும் படிநிலைகள் நிகழ்கின்றன.

1. துறையின் அதிகாரிகள் குழுவுக்கான பெயர்களை முன்மொழிகின்றனர். குழுத் தலைவர் வழக்கமாகத் துறையின் மூத்த நிர்வாக அதிகாரி அல்லது தொழில்நுட்ப அதிகாரி ஆவார்.

2. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மீன்வள அளவைத் துறை, கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவற்றிலிருந்து அறிவியலாளர்கள் தெரிவு செய்யப்படுகின்றனர். முன்னது மீன்வளத் துறையின் நேரடி அலுவலகம். பின்னது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் வருவதால், வேளாண்மை அமைச்சகத்தைச் சார்ந்தது. ஆகவே ஒரே குழுவில் இரண்டு அமைச்சகங்களின் ஆட்கள் இருப்பர்.

3. பயணச் செலவுக்கு நிதிப் பிரிவின் இசைவும், துறையின் உரிய மேல்மட்ட ஒப்புதலும் பெறப்படுகின்றன.

4. வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதி பெறப்படுகின்றது. பயணச் செலவையோ தங்குமிடத்தையோ வெளிநாட்டு அமைப்பு ஏற்பதாக இருந்தால், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் விதிகளும் கருதப்படுகின்றன.

5. அமர்வில் எடுக்க வேண்டிய நிலைப்பாடுகள் குறித்த அறிவுறுத்தல் குறிப்பு தயாரிக்கப்படுகின்றது. பின்னர் அதிகாரச் சான்றுக் கடிதம் செயலகத்துக்கு அனுப்பப்படுகின்றது.

இந்தப் படிநிலைகளுள் ஒன்று தாமதமானாலும் குழுவின் அளவு சுருங்கலாம். அறிவியலாளருக்கு அனுமதி கிடைக்காமல் நிர்வாக அதிகாரி மட்டும் செல்ல நேர்ந்தால், மீன் இருப்பு மதிப்பீடு குறித்த விவாதத்தில் நாட்டின் குரல் வலுவிழக்கும்.

மாநிலங்களும் மீனவர்களும்

கரையோர மாநிலங்களின் மீன்வளத் துறை அதிகாரிகளையோ மீனவர் அமைப்புகளின் தலைவர்களையோ ஆலோசகர்களாகச் சேர்த்துக்கொள்ள ஒன்றிய அரசுக்கு எந்தத் தடையும் இல்லை. எனினும் அது ஓர் உரிமையாக எங்கும் எழுதப்படவில்லை. இது நடைமுறை முரண் ஒன்றை உருவாக்குகின்றது. ஆணையத்துக்கு ஆண்டுதோறும் அளிக்க வேண்டிய பிடிப்புப் புள்ளிவிவரங்கள் மாநிலங்களின் மீன்பிடித் துறைமுகங்களிலும் இறங்குதளங்களிலும் திரட்டப்படுகின்றன. தமிழ்நாட்டுப் படகுகள் 1983 ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி மாநில அரசிடம் உரிமம் பெறுகின்றன. ஆனால் அவற்றைப் பற்றிப் பேசும் இருக்கை ஒன்றிய அரசிடம் உள்ளது.

அறிவியல் குழுவும் துணை அமைப்புகளும்

ஆணையத்தின் ஆண்டு அமர்வு தவிர, அறிவியல் குழு, இணக்கக் குழு, நிர்வாக நிதிக் குழு, பங்கீட்டு அளவுகோல்கள் பற்றிய தொழில்நுட்பக் குழு, மீனின வாரியான செயற்குழுக்கள் ஆகியவை தனித்தனியே கூடுகின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் அரசு ஆட்களை அனுப்ப வேண்டியுள்ளது. அறிவியல் குழுவின் 26 ஆவது அமர்வு 2023 டிசம்பரில் மும்பையில் நடைபெற்றது.

அறிவியல் குழுவுக்குச் செல்பவர் மீன் இருப்பின் நிலையை ஆராய்ந்து பரிந்துரைப்பவர். ஆண்டு அமர்வுக்குச் செல்பவர் அப்பரிந்துரையை ஏற்பதா, மறுப்பதா, திருத்துவதா என்று அரசின் சார்பில் முடிவெடுப்பவர். சில நாடுகளில் இரு பணிகளையும் ஒருவரே செய்கின்றார். அப்போது தாம் அறிவியலாளராக ஏற்ற முடிவைத் தம் அரசின் அறிவுறுத்தலின்படி எதிர்த்துப் பேச வேண்டிய நிலையும் அவருக்கு ஏற்படலாம்.

பேராளரின் அதிகார எல்லை

பேராளர் தம் சொந்தக் கருத்தின்படி வாக்களிப்பவர் அல்லர். அவர் தலைநகரிலிருந்து பெற்ற அறிவுறுத்தலுக்குக் கட்டுப்பட்டவர். எதிர்பாராத திருத்தம் ஒன்று முன்வைக்கப்பட்டால், கூட்டத்தின் இடைவேளையில் தலைநகரைத் தொடர்புகொண்டு இசைவு பெற வேண்டியிருக்கும்.

ஆணையத்தின் பரிந்துரைகள் எளிய பெரும்பான்மையால் நிறைவேறும், அவை கட்டாயமற்றவை. பாதுகாப்பு மற்றும் மேலாண்மைத் தீர்மானங்கள், வந்திருந்து வாக்களிக்கும் உறுப்பினர்களுள் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவுடன் நிறைவேறும். அவை உறுப்பினர்களைக் கட்டுப்படுத்தும். எனினும் ஒப்பந்தத்தின் ஒன்பதாவது உறுப்புரை, தீர்மானத்தை ஏற்க விரும்பாத உறுப்பினர் 120 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க இடமளிக்கின்றது. ஆட்சேபித்த நாட்டை அத்தீர்மானம் கட்டுப்படுத்தாது. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் ஆட்சேபித்தால் அது எவரையும் கட்டுப்படுத்தாது. ஆட்சேபத்தைத் தெரிவிப்பது அரசாகும். கூட்டத்தில் அமர்ந்திருந்த பேராளர் அல்லர். ஆகவே பேராளரின் வாக்கு இறுதியானது அன்று.

மஞ்சள் துடுப்புச் சூரை, 2021

மஞ்சள் துடுப்புச் சூரையின் இருப்பு அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுள்ளதாக 2015 இல் மதிப்பிடப்பட்டது. அதனைத் தொடர்ந்து 2016 முதல் பிடிப்பைக் குறைக்கும் தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டன. 2021 ஆம் ஆண்டின் தீர்மானத்துக்கு இந்தியா, இந்தோனேசியா, ஈரான், ஓமான் முதலிய நாடுகள் ஆட்சேபம் தெரிவித்ததால் அது அந்நாடுகளைக் கட்டுப்படுத்தவில்லை. தொழில்முறைப் பெரும் கப்பல்களை நெடுங்காலமாக இயக்கிய நாடுகளுக்கும், சிறு படகுகளைக் கொண்ட கரையோர நாடுகளுக்கும் ஒரே வகையான சுமையை ஏற்றலாமா என்பது இவ்விவாதத்தின் மையமாக இருந்தது. 2024 ஆம் ஆண்டின் புதிய மதிப்பீடு இம்மீனின் நிலை முன்பு கருதப்பட்டதைவிட மேம்பட்டுள்ளதாகக் காட்டியது.

மொம்பாசா சிறப்பு அமர்வு, 2023

சுருக்குமடிக் கப்பல்கள் மீன்களைக் கவர்ந்து திரட்டும் மிதவைகளைக் கடலில் மிதக்க விடுகின்றன. இவற்றின் அடியில் இளம் சூரை மீன்களும் பெருமளவில் கூடுவதால், அவற்றைக் கட்டுப்படுத்தக் கரையோர நாடுகள் கோரின. முதலில் வரைவொன்றை முன்வைத்த கென்யா, அமர்வுக்குச் சற்று முன்னர் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பின்னர் இந்தோனேசியாவின் தலைமையில் இந்தியா உள்ளிட்ட கரையோர நாடுகள் இணைந்து முன்வைத்த வரைவு, 2023 பிப்ரவரியில் கென்யாவின் மொம்பாசா நகரில் நடந்த சிறப்பு அமர்வில் வாக்கெடுப்பு மூலம் நிறைவேறியது. அடுத்த மாதங்களில் ஐரோப்பிய ஒன்றியமும் வேறு பல உறுப்பினர்களும் ஆட்சேபம் தெரிவித்தனர். ஆட்சேபித்தோர் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியதால் அத்தீர்மானம் செயலற்றுப் போனது. அரங்கில் பேராளர்கள் ஈட்டிய முடிவைத் தலைநகரங்கள் மாற்றக் கூடும் என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டாகும்.

பிற நாடுகளின் முறைகள்

இலங்கை

இலங்கையில் கடற்றொழில் அமைச்சும் அதன் கீழுள்ள கடற்றொழில், நீரியல் வளத் திணைக்களமும் இப்பொறுப்பை ஏற்கின்றன. 1981 இல் நிறுவப்பட்ட தேசிய நீரியல் வள ஆராய்ச்சி மற்றும் அபிவிருத்தி முகவரகம் அறிவியல் துணையை அளிக்கின்றது. பலநாட் கலங்கள் மூலம் சூரை பிடித்து ஏற்றுமதி செய்யும் இலங்கைக்கு இவ்வாணையம் பொருளாதார முக்கியத்துவம் உடையது. வட்டார மீன்பிடி விதிகளை நடைமுறைப்படுத்தத் தவறியமை உள்ளிட்ட காரணங்களைக் காட்டி, 2015 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீன் இறக்குமதியைத் தடை செய்தது. சட்டத் திருத்தங்களும் கலங்களைக் கண்காணிக்கும் ஏற்பாடுகளும் செய்யப்பட்ட பின்னர் 2016 ஜூனில் தடை நீங்கியது. பேராளரை அனுப்புவதுடன் ஒரு நாட்டின் கடமை முடிவதில்லை என்பதை இந்நிகழ்வு காட்டுகின்றது.

ஐரோப்பிய ஒன்றியம்

ஐரோப்பிய ஒன்றியம் ஒரே உறுப்பினராக ஒரு வாக்குடன் பங்கேற்கின்றது. ஐரோப்பிய ஆணைக்குழுவின் அதிகாரிகள் பேராளராக அமர்கின்றனர். அவர்கள் எடுக்க வேண்டிய நிலைப்பாட்டை உறுப்பு நாடுகளின் அமைச்சர்களைக் கொண்ட மன்றம் முன்கூட்டியே வகுக்கின்றது. பிரான்சு தன் கடல்கடந்த ஆட்புலங்களுக்காகத் தனி உறுப்புரிமை பெற்றுள்ளது.

ஐக்கிய அமெரிக்கா

ஐக்கிய அமெரிக்கா இந்தியப் பெருங்கடல் ஆணையத்தின் உறுப்பினர் அன்று. எனினும் நியமனத்தைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தும் முறைக்கு அது நல்ல எடுத்துக்காட்டாகும். அத்திலாந்திக் சூரை ஆணையத்துக்கான அதன் ஆணையாளர்கள் மூவர். 1975 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி அவர்களைக் குடியரசுத் தலைவர் நியமிக்கின்றார். ஒருவர் அரசு அதிகாரி. ஒருவர் வணிக மீன்பிடிப்பில் அனுபவம் உடையவர். மற்றொருவர் பொழுதுபோக்கு மீன்பிடிப்பில் அனுபவம் உடையவர்.

கனடாவும் ஐக்கிய அமெரிக்காவும் 1923 ஆம் ஆண்டின் உடன்படிக்கை மூலம் உருவாக்கிய பசிபிக் ஆலிபட் மீன் ஆணையத்தில் இரு நாடுகளுக்கும் மூன்று மூன்று ஆணையாளர்கள் உள்ளனர். அமெரிக்கத் தரப்பில் ஒருவர் அலாஸ்கா மாநிலத்தவராகவும், ஒருவர் அம்மாநிலத்தைச் சாராதவராகவும் இருத்தல் வேண்டும் எனச் சட்டம் கூறுகின்றது. மீன் வளம் உள்ள மாநிலத்துக்கு இருக்கையில் இடம் உறுதி செய்யப்படும் இம்முறைக்கு இணையான ஏற்பாடு இந்தியாவில் இல்லை.

தாய்வான்

பெரும் சூரைக் கப்பற்படை உடைய தாய்வான், உணவு வேளாண்மை நிறுவனத்தில் இடம்பெற இயலாத காரணத்தால் இவ்வாணையத்தின் உறுப்பினராக முடியவில்லை. அதன் வல்லுநர்கள் அழைக்கப்பட்ட வல்லுநர்கள் என்ற தகுதியில் மட்டும் பங்கேற்கின்றனர். அவர்களுக்கு வாக்கு இல்லை.

தமிழ்நாட்டு மீனவர்களுக்கு உள்ள தொடர்பு

இந்திய, இலங்கை மீனவர்களிடையே பாக்கு நீரிணையில் நிலவும் சிக்கல் இவ்வாணையத்தின் வரம்புக்குள் வருவதில்லை. அது இரு நாடுகளுக்கும் இடையிலான பேச்சுக்கு உரியது. அதற்கென 2016 இல் கூட்டுப் பணிக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2003 இல் நிறுவப்பட்ட வங்காள விரிகுடாத் திட்ட அரசிடை அமைப்பும் இதிலிருந்து வேறானது. வங்காளதேசம், இந்தியா, இலங்கை, மாலைத்தீவு ஆகியவை உறுப்பினர்களாக உள்ள அவ்வமைப்பு, ஆலோசனையும் பயிற்சியும் அளிப்பதாகும். பிடிப்பு அளவை வரையறுப்பதன்று.

எனினும் இரண்டு விவகாரங்களும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரனூர், குளத்தூர் முதலிய வடபகுதி ஊர்கள் உள்நாட்டில் இருக்க, தென்கிழக்கில் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் ஆகிய ஊர்கள் பாக்கு நீரிணையை ஒட்டி அமைந்துள்ளன. இப்பகுதி விசைப்படகுகளையும், இராமநாதபுரம், தஞ்சாவூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் விசைப்படகுகளையும் இழுவை மடியிலிருந்து ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாற்றும் திட்டம் 2017 ஜூலையில் தொடங்கப்பட்டது. சூரை மீன்பிடித் தூண்டில் மற்றும் செவுள்வலைப் படகு ஒன்றின் மதிப்பு 80 இலட்சம் ரூபாய் எனக் கொள்ளப்பட்டது. இதில் ஒன்றிய அரசு 50 விழுக்காடும், மாநில அரசு 20 விழுக்காடும் மானியமாக அளிக்க, 20 விழுக்காடு வங்கிக் கடனாகவும் 10 விழுக்காடு மீனவரின் பங்காகவும் அமைந்தது. மூன்று ஆண்டுகளில் 2,000 படகுகளை மாற்றுவது இலக்காக இருந்தது. ஆனால் இலக்கை விட மிகக் குறைவான படகுகளே மாற்றப்பட்டன.

கடனும் தம் பங்குத் தொகையும் இட்டு ஆழ்கடலுக்குச் செல்லும் மீனவர் பிடிக்க வேண்டிய மீன், சூரை ஆணையத்தின் பொறுப்பில் உள்ள மீனாகும். அந்த மீனை நாடுகளுக்கிடையே எவ்வாறு பங்கிடுவது என்பது குறித்த தொழில்நுட்பக் குழுவின் பேச்சுகள் 2011 முதல் நடந்து வருகின்றன. கடந்த கால பிடிப்பை அளவுகோலாகக் கொண்டால் முன்னரே பெரும் கப்பல்களை இயக்கிய நாடுகளுக்கு மிகுந்த பங்கு கிடைக்கும். கரையோர நாடுகளின் உரிமையையும் சிறு மீனவரின் வாழ்வாதாரத்தையும் அளவுகோலாகக் கொண்டால் இந்தியா போன்ற நாடுகளுக்கு வளர இடம் இருக்கும். ஒரு மீன் ஒரு நாட்டின் கடற்பகுதிக்குள் வேறொரு நாட்டின் கப்பலால் பிடிக்கப்பட்டிருந்தால், அப்பிடிப்பு யாருடைய கணக்கில் சேரும் என்பதும் முக்கியமான கேள்வியாகும். ஆகவே கோட்டைப்பட்டினத்துப் படகின் எதிர்காலம் குறித்த ஒரு பகுதி முடிவு, அங்கு எடுக்கப்படாமல் இவ்வரங்கில் எடுக்கப்படுகின்றது.

படகுப் பதிவும் இதனுடன் தொடர்புடையது. 24 மீட்டர் அல்லது அதற்கு மேல் நீளமுள்ள கலங்களும், அதைவிடச் சிறியவையாயினும் தம் நாட்டின் 200 கடல் மைல் பிரத்தியேகப் பொருளாதார மண்டலத்துக்கு வெளியே சூரை பிடிக்கும் கலங்களும் ஆணையத்தின் அனுமதி பெற்ற கலங்களின் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். பதிவேட்டுக்குப் பெயர்களை அனுப்புவது அரசாகும். படகு உரிமையாளர் நேரடியாக அனுப்ப இயலாது. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் பகுதி மீனவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். தொலைவான கடற்பகுதிகளுக்குச் செல்லும் இவர்களுள் சிலர் சாகோசுத் தீவுக் கடற்பகுதியில் தடுத்து வைக்கப்பட்ட நிகழ்வுகள் உண்டு. உள்நாட்டில், பிரத்தியேகப் பொருளாதார மண்டலத்தில் இந்தியக் கலங்கள் மீன் பிடிப்பதை ஒழுங்குபடுத்தும் விதிகளை ஒன்றிய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது.

நியமன முறை தொடர்பான கேள்விகள்

தொடர்ச்சி: இந்திய நிர்வாக அதிகாரிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறு துறைகளுக்கு மாற்றப்படுகின்றனர். ஆணையத்தின் பேச்சுகளோ பத்தாண்டுகளுக்கு மேல் நீள்பவை. சொற்களுக்குப் பின்னுள்ள வரலாற்றை அறிந்த பேராளர் ஒருவருக்கும், முதன்முறையாக வருபவருக்கும் இடையே பேரம் பேசும் ஆற்றலில் வேறுபாடு உண்டு. அறிவியலாளர்கள் நீண்ட காலம் அதே பணியில் இருப்பதால் இக்குறையை ஓரளவு ஈடு செய்கின்றனர்.

பிரதிநிதித்துவம்: பேராளர் அரசைப் பிரதிநிதித்துவம் செய்கின்றார், மீனவர்களை நேரடியாக அல்ல. ஏற்றுமதியாளர், விசைப்படகு உரிமையாளர், நாட்டுப்படகு மீனவர், இலட்சத்தீவின் தூண்டில் மீனவர் ஆகியோரின் நலன்கள் ஒன்றல்ல. இவற்றை எடைபோட்டு ஒரே நிலைப்பாடாக்கும் பணி பெரும்பாலும் அறிவுறுத்தல் குறிப்பு எழுதப்படும் கட்டத்திலேயே முடிந்துவிடுகின்றது. ஆகையால் குழுவில் யார் செல்கின்றார் என்பதைப் போலவே, குறிப்பு எழுதப்படுமுன் யாரிடம் கருத்துக் கேட்கப்பட்டது என்பதும் முக்கியமாகும்.

வெளிப்படைத்தன்மை: பங்கேற்றோர் பட்டியலும் அமர்வு அறிக்கைகளும் உறுப்பு நாடுகள் முன்வைத்த வரைவுகளும் ஆணையத்தின் இணையத்தளத்தில் வெளியிடப்படுகின்றன. எனவே எந்த ஆண்டில் எந்த நாட்டின் சார்பில் யார் சென்றனர் என்பதை எவரும் அறியலாம். ஆனால் அவர்கள் ஏன் தெரிவு செய்யப்பட்டனர், எத்தகைய அறிவுறுத்தலுடன் சென்றனர் என்பவை உள்நாட்டுக் கோப்புகளில் உள்ளவை. இவற்றைப் பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பவும், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இன் கீழ் விண்ணப்பிக்கவும் வழி உண்டு. எனினும் வெளிநாட்டு உறவு சார்ந்த சில தகவல்களுக்கு அச்சட்டம் விலக்கு அளிக்கின்றது.

இவற்றையும் பார்க்க

இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம்
உணவு வேளாண்மை நிறுவனம்
கடல் சட்டம் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை
வங்காள விரிகுடாத் திட்ட அரசிடை அமைப்பு
பிரத்தியேகப் பொருளாதார மண்டலம்
கோட்டைப்பட்டினம்